அப்பா போட்ட சுவிஸ் வாட்ச்

போன வாரம் தென்காசியில் புதிதாகத் திறந்திருக்கிற வாட்ச் கடைக்குப் பேரன் என்னைக் கூட்டிப்போனான். என் வீட்டுக்காரரின் பழைய கைக்கடிகாரம் நின்றுபோயிருந்தது. கடைக்காரத் தம்பி பின்மூடியைத் திறந்து பார்த்தார், திருப்பி டயலைப் பார்த்தார், மறுபடி உள்ளே பார்த்தார். "ஆச்சி, மேல பேரு டூப்ளிகேட். உள்ள மெஷின் அசல். ஊர்ல இதைத் தலைகீழாத்தான செய்வாங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேரன் திருதிருவென்று முழித்தான்.

அந்தக் கடையில் பெட்ரோல் வாசனை இல்லை, அதுதான் குறை. அறுபதுகளில் வாட்ச் ரிப்பேர் கடை என்றால் பெட்ரோல் வாசனைதான். சக்கரங்களை அதில் போட்டுத்தான் கழுவுவார்கள். ரத வீதியில் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தால் ரசத்தையும் மீறி அது மணக்கும். கல்யாணமான புதிதில் குமட்டியது. பிறகு அது இல்லாவிட்டால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்கும் பங்க்கில் பஸ் நின்றால் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்வேன். பைத்தியம்தான்.

போலி வாட்ச் கண்டுபிடிப்பதில் அவர் கெட்டிக்காரர். காதில் வைத்தாலே போதும். அசல் மெஷின் சன்னமாக, சீராக ஓடும்; போலி, லாடம் அடித்த மாடு தார் ரோட்டில் போகிற மாதிரி. சந்தேகம் தீராவிட்டால்தான் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு எழுத்தின் ஓரம் பிசிறடிக்கிறதா என்று பார்ப்பார். செங்கோட்டையிலிருந்தெல்லாம் வந்து காட்டுவார்கள். முகத்துக்கு நேரே, "போலி, அண்ணாச்சி" என்று சொல்லிவிடுவார். தாட்சண்யமே கிடையாது.

அப்பேர்ப்பட்டவருக்குத்தான், பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த என் அப்பா, கல்யாணத்தில் சுவிஸ் வாட்ச் போட்டார். கொழும்பிலிருந்து வந்த ஒருத்தனிடம் வாங்கியது. தண்ணீரே இறங்காது என்று சொல்லி விற்றிருந்தான். மணவறையிலேயே இவர் அதைக் காதருகே கொண்டுபோனதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். "நல்ல சாமான் மாமா" என்றார். அப்புறம் அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஆனி பிறந்து சாரல் விழுந்தது. மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கு அப்பா ஒரு நாள் பலாப்பழத்தோடு வந்தார். பழத்தை வைத்த கையோடு அடுக்களைக்குள் வந்து, குரலைத் தாழ்த்தி, "ஏட்டி, மாப்ள வாட்ச் ஓடுதா?" என்றார். அதே ஆளிடம் வாங்கிய மண்டிக்காரர்கள் இரண்டு பேரின் வாட்சிலும், சாரல் ஈரத்துக்கே கண்ணாடிக்குள் வேர்த்து, முள் நின்றுவிட்டதாம். "நம்மதும் நின்னுச்சுன்னா ஒங்க மாமியா முன்னால என் மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க?"

அன்றைக்கே எல்லோரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். பெரிய அருவிக்கு முன்னால் இவர் வாட்சைக் கழற்றப் போக, என் மாமியார், "அது தண்ணிக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சம்பந்தி சொன்னாவல்லா? போட்டுக்கிட்டே குளிலே" என்றார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இவர் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாட்சோடு நேரே அருவிக்குள் போய்விட்டார்.

சண்டாளர், சீக்கிரம் வெளியே வந்தாரா என்றால் அதுவும் இல்லை. வந்ததும் அப்பா ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. நொடிமுள் ஓடிக்கொண்டிருந்தது. "ஊரையே ஏமாத்துனவன் என்கிட்ட வாலாட்டலை பாத்தியா!" என்று மேலகரம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். மண்டியிலும் கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னார்.

அப்பா காலமாகி ஒரு வருஷம் கழித்துத்தான் இவர் உண்மையைச் சொன்னார். கல்யாணமான மறுவாரமே தன் பழைய சுவிஸ் வாட்சின் மெஷினைக் கழற்றி அப்பா போட்டதற்குள் பொருத்தி, பின்மூடிக்கு ரப்பர் வளையமும் போட்டிருக்கிறார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?" என்று சண்டை பிடித்தேன்.

"சொல்லிருந்தா, ஒங்க அப்பா வரும்போதெல்லாம் ஒன் முகமே காட்டிக் குடுத்திருக்கும்" என்றார்.

ரத வீதியில் அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். சீசனுக்கு வருகிறவர்கள் போனை யாரிடம் கொடுத்துவிட்டுக் குளிப்பது என்றுதான் அருவிக்கரையில் தவிக்கிறார்கள். போலியைக் கண்டுபிடித்துச் சொல்ல இன்றைக்கும் ஆள் உண்டு. கண்டுபிடித்த பிறகும், என் அப்பாவுக்காக வாயை மூடிக்கொண்டு அருவிக்குள் போன என் வீட்டுக்காரர்தான் இல்லை.