தண்டட்டி போட்ட காதுக்கு ஒரு ஹெட்போன்

எனக்கு வயது எழுபத்து நான்கு. நான் வளர்த்தது ஐந்து பேரை. பெற்றது நான்கு, ஐந்தாவது, என் நாத்தனார் கண்ணை மூடும்போது என் மடியில் விட்டுப்போன பெண்பிள்ளை. வாசலில் நின்று நான் ஒரு குரல் கொடுத்தால் கரும்புக் கொல்லையின் அந்தக் கோடியிலிருந்து ஐந்தும் ஓடிவரும். அப்படிப்பட்ட குரல் எனக்கு.

படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஆனால் நானே எழுதுவேன். "நீங்க சொல்லுங்க அப்பத்தா, நான் போன்ல டைப் அடிச்சிர்றேன்" என்றாள் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி. அவள் அடித்தால் அது அவள் பேச்சாகிவிடும். இது என் காதைப் பற்றிய விஷயம். நான்தான் எழுத வேண்டும்.

கொஞ்ச காலமாக எனக்குக் காது மந்தம் என்கிறார்கள். எனக்குக் காது கேட்கத்தான் செய்கிறது. ஊரில்தான் இப்போதெல்லாம் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். புதுக்கோட்டையில் டாக்டர் ஒருவர் காதுக்கு மிஷின் வைக்கச் சொன்னார். அதை வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட என்னைக் கண்டதும் கையை ஆட்டிக் கத்தத் தொடங்குவார்கள். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

என் கடைக்குட்டி வெளிநாட்டில் வேலை பார்த்தான். அங்கே வெள்ளிக்கிழமை லீவு, அன்றைக்குத்தான் பேசுவான். போனைக் காதில் வைத்தால் எனக்கு ஈ பறக்கிற சத்தம்தான் வரும். அதனால் பெரியவன் ஸ்பீக்கரில் போட்டு நெல் டிரம்மின் மேல் வைத்துவிடுவான். அப்புறம் அது என் பிள்ளை என்னோடு பேசுகிற பேச்சா? பெரியவன் நடுவில் புகுந்து டிராக்டர் டயரைப் பற்றிச் சொல்வான். மருமகள் தலைவலித் தைலம் கேட்பாள். பேத்தி சென்ட்டு கேட்பாள். எல்லாம் முடிந்து என் முறை வருவதற்குள் அவன் வைத்துவிடுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் என்னைத்தான் கூப்பிட்டான்.

"ஆத்தா, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுய்யா."

"என்னடா விசயம்?" என்றான் பெரியவன், டிரம்முக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"ஒண்ணுமில்லண்ணே. பெறகு சொல்றேன்."

அடுத்த வெள்ளியும் இதே கதை. 'ஆத்தா' என்று தொடங்குவான், யாராவது இருமுவார்கள், 'பெறகு சொல்றேன்' என்று முடித்துவிடுவான். அவன் குரல் ஈரமாக இருந்தது. மற்றவர்களுக்கு அது தெரியவில்லை. அவர்களுக்குத்தான் காது நன்றாகக் கேட்கிறதாமே.

அவன் சொல்ல வருவதை நான் மட்டும் கேட்க வேண்டும். வீடு கேட்கக் கூடாது. அதற்கு என்ன வழி என்று பார்த்துக்கொண்டிருந்தபோது பேத்தி காதில் எதையோ செருகிக்கொண்டு தனியாகச் சிரித்தாள். அதைப் பிடுங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். கடலைப் பருப்பு அளவுதான், நிற்காமல் மடியில் விழுந்தது.

"அது ஒங்க காதுக்கு நிக்காது அப்பத்தா. காத முழுசா மூடுற மாதிரி ஹெட்போன் இருக்கு. ஒங்க பட்ஜெட் என்ன?"

"என்ன விலைன்னு சொல்லு."

"அது பட்ஜெட்டப் பொறுத்தது. ஐநூறுலயும் இருக்கு, ரெண்டாயிரத்துலயும் இருக்கு, முப்பதாயிரத்துலயும் இருக்கு."

எனக்கு எரிச்சல் வந்தது. மண்வெட்டிக்கு ஒரு விலை உண்டு, முறத்துக்கு ஒரு விலை உண்டு. காதை மூடுகிற இரண்டு மூடிக்கு ஐநூறும் முப்பதாயிரமும் எப்படி விலையாகும்?

"எனக்குக் கேக்கணும். அதான் என் பட்ஜெட்டு" என்றேன்.

இவ்வளவு சொன்னதுதான் தாமதம், வீடே நிபுணராகிவிட்டது. மருமகளுக்கு நடு விலையில் வேண்டும்; "நீங்க பேசி முடிச்சதும் நானும் சீரியல் கேப்பேன்ல அத்த" என்றாள். பேத்திக்கு வெளிச் சத்தத்தை அடியோடு நிறுத்துகிற விலை உயர்ந்தது வேண்டும். பெரியவன் எல்லாருக்கும் மேலே போனான். "தம்பிகிட்டச் சொன்னா அங்கேருந்து அனுப்பிருவான்ல?" என்றான். கடைக்குட்டி மனதில் இருப்பதைக் கேட்பதற்கு அவனிடமே சாமான் கேட்பதா? காரணத்தைச் சொல்லவும் முடியாமல், "வேணாம்னா வேணாம்" என்று மட்டும் சொன்னேன். "வயசானா இப்படித்தான்" என்று பெரியவன் முணுமுணுத்தான். அது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் அவனே கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் மலிவான ஒன்றை வாங்கி வந்து என் தலையில் மாட்டினான். காதைச் சுற்றி உட்கார வேண்டிய மூடி காதின் மேலேயே உட்கார்ந்து அழுத்தியது. கொஞ்ச நேரத்தில் காது மடல் அடுப்பில் வைத்தது போலக் காந்தியது. உள்ளே பாட்டு என்ற பெயரில் யாரோ குதிரை ஓட்டினார்கள்.

"எப்படி ஆத்தா? பேஸு அதிருதா?"

"மண்ட அதிருது. ஒன் தம்பி பேச்சு இதுல எப்படிக் கேக்கும்?"

"பாட்டு நல்லாக் கேட்டா பேச்சும் கேக்கும்."

பேத்தி அடுத்த அறையிலிருந்து போனில் கூப்பிட்டுப் பேசினாள். கிணற்றுக்குள் விழுந்த தவளை மாதிரி இருந்தது. கழற்றி அவன் கையிலேயே கொடுத்தேன். இப்போது உழும்போது அவன்தான் அதை மாட்டிக்கொள்கிறான். நான் பம்பு செட்டிலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. காது மந்தம் எனக்காம்.

ஆட்டுக்குட்டி விற்ற காசு என் சுருக்குப்பையில் இருந்தது. பேத்தியைக் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். கடை குளுகுளு என்று இருந்தது. கடைப் பையன் வரிசையாக எடுத்து வைத்துவிட்டு, "என்ன பாட்டு கேப்பீங்க பாட்டிம்மா?" என்றான். பாட்டு என்று யார் சொன்னது? எவருமே மனுசன் பேசுவதைக் கேட்க இதை வாங்குவதில்லை போலும்.

விலை உயர்ந்ததை முதலில் மாட்டினான். மாட்டியதும் உலகம் நின்றுவிட்டது. மின்விசிறி இல்லை, ரோட்டு பஸ் இல்லை. பேத்தி வாயை அசைக்கிறாள், சத்தம் இல்லை. என் மூச்சு எனக்கே கேட்டது. செத்துப்போனால் இப்படித்தான் இருக்குமோ என்று தோன்ற, சட்டென்று கழற்றிவிட்டேன். அதன் விலையைக் கேட்டபோது இன்னொரு தடவை உலகம் நின்றது.

அடுத்து நடு விலை. மூடி அகலம், பஞ்சு மெத்தை போல மெத்தென்று இருந்தது. காது முழுதும் அதற்குள் போனது. ஆனால் தலையை ஆட்டினால் டக், டக் என்று சத்தம்.

"ஒங்க கம்மல் இடிக்குது பாட்டிம்மா. அதக் கழட்டி வச்சிட்டுப் போட்டுப் பாருங்க" என்றான்.

கம்மலாம்! தண்டட்டியைப் பார்த்தே இராத பிள்ளையிடம் என்ன சொல்வது? சிறு பிள்ளையாக இருந்தபோது காதைக் குத்தி, பஞ்சு திரித்து வைத்து, குணுக்கு என்கிற கனமான ஈய வளையத்தை மாட்டி, துளை பெரிதாகப் பெரிதாகக் காது வளர்த்தாள் என் ஆத்தா. தோளைத் தொடுகிற அளவு தொங்கிய பிறகுதான் தங்கத்தில் தண்டட்டி மாட்டினாள். என் வயதுக்காரிகள் பலர் நாகரிகம் என்று காதை அறுத்துத் தைத்துக்கொண்டு சின்னத் தோடு போட்டுவிட்டார்கள். என் மகளே என்னை எத்தனையோ முறை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். நான் போகவில்லை.

"தம்பி, ஒன் கடையில இருக்கறதத்தான் கழட்டலாம், மாட்டலாம். இது என் ஒடம்பு" என்றேன்.

பேத்தி வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்தாள். பார்க்கட்டும். அவளை ரோட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து போனில் பேசச் சொன்னேன்.

"அப்பத்தா, கேக்குதா? கடையில சண்ட போடாதீங்க. மானம் போகுது."

ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது. தொங்கு காது மூடிக்குக் கீழே வெளியே கிடந்தது, மேல்காது உள்ளே இருந்தது. தலையை ஆட்டாமல் இருந்தால் இடிக்காது. அதையே வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. வாசலில் எல்லாரும் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கொல்லைப்புறம் போய் வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பேத்தி இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். என் பிள்ளையின் குரல் காதுக்குள் வந்தது. இடுப்பில் வைத்துச் சோறூட்டிய காலத்துக்குப் பிறகு அவ்வளவு பக்கத்தில் அவன் குரலை நான் கேட்டதில்லை.

"ஆத்தா, பக்கத்துல யாரும் இருக்காங்களா?"

"யாருமில்லய்யா. நான் மட்டுந்தான்."

"யாரோ கதவத் தட்டுறாங்களே?"

"அது என் தண்டட்டி. நீ சொல்லு." தலையை ஆட்டிவிட்டேன் போலிருக்கிறது.

சொன்னான். "கம்பெனி வேல போயிருச்சு ஆத்தா. பல மாசமாச்சு. இங்க ஒரு கடையில மூட்ட தூக்குறேன். முடியல. ஊருக்கு வந்துரலாம்னு இருக்கு. அண்ணனுக்குத் தெரியவேணாம், அனுப்புற காச நம்பித்தான் டிராக்டருக்குத் தவணை கட்டுறாரு. என்ன செய்யணும்னு நீ சொல்லு."

அவன் ரகசியமாகத்தான் சொன்னான். நானும் ரகசியமாகத்தான் பதில் சொன்னேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வேல போச்சா? மூட்ட தூக்குறியா? நான் பெத்த புள்ள மூட்ட தூக்குதா? டிராக்டர் கெடக்குது, நீ பொறப்பட்டு வாய்யா!"

இரண்டு காதையும் மெத்தையில் மூடிவைத்தால் நம் குரல் நமக்கே கேட்பதில்லை. இதை அந்தக் கடைக்காரனும் சொல்லவில்லை, பட்ஜெட் சொன்னவர்களும் சொல்லவில்லை. கரும்புக் கொல்லையின் கோடிக்குக் கொடுக்கிற குரலில் கொடுத்திருக்கிறேன்.

நிமிர்ந்து பார்த்தால் வைக்கோல் போரைச் சுற்றி வீடு முழுதும் நிற்கிறது. பேத்தி இரண்டு கையையும் கீழே அமுக்கி அமுக்கிக் காட்டுகிறாள். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்தியிருக்கிறாள். மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரியின் தலை. பெரியவன் கையில் பாதி உடைத்த கடலையோடு வாயை அசைக்கிறான், எனக்குக் கேட்கவில்லை. கழற்றினேன்.

"எத்தன மாசமா ஆத்தா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை பேரிடம் சண்டை பிடித்து, பஸ் ஏறி, ஆட்டுக்குட்டியை விற்று, அவன் ஒளித்து வைத்ததை நானே ஊருக்குப் பறையடித்துவிட்டேன். "என்னைய ஏன் கேக்குற? நீயே கேளு" என்று ஹெட்போனை அவன் கையில் வைத்தேன்.

அவன் மாட்டிக்கொண்டான். தம்பி சொல்வதைக் கேட்டான். கையிலிருந்த கடலை கீழே விழுந்தது. பிறகு கத்தினானே ஒரு கத்து, மரத்திலிருந்த காக்காயெல்லாம் பறந்தது.

"டேய்! எனக்குத் தவணை கட்டத் தெரியும்டா! டிக்கெட்டு நான் போடுறேன், மொதல்ல கிளம்பி வா!"

நல்ல காதுக்காரன் என்னைவிட மோசமாகக் கத்தினான். யாரும் அவனிடம் கையை அமுக்கிக் காட்டவில்லை.

என் பிள்ளை வந்துவிட்டான். முதுகில் பட்டைபட்டையாகத் தழும்பு. அண்ணனும் தம்பியும் டிராக்டரில் மாற்றி மாற்றிக் கூலி உழவுக்குப் போகிறார்கள். என் ஹெட்போனை மருமகள் சீரியலுக்கு எடுத்துக்கொண்டாள், கேட்டால், "ஒங்களுக்கு யாரு இனிமே போன் பண்ணப்போறா அத்த?" என்கிறாள். கடைக்குட்டி இப்போதும் மெல்லத்தான் பேசுகிறான், எனக்குப் பாதிதான் கேட்கிறது. "மிஷின் வாங்கிருவோமா ஆத்தா?" என்று நேற்றுக் கேட்டான். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தண்டட்டியைக் கழற்றச் சொல்லாத மிஷினாக இருந்தால் யோசிக்கலாம்.

இந்தாடி பேத்தி, எழுதி முடித்துவிட்டேன். உன் அம்மாவிடம் சீரியலை நிறுத்தச் சொல்லிவிட்டு இங்கே வந்து இதை வாசி. கடைக்காரனைத் திட்டிய இடத்தைச் சத்தமாகவே வாசி. மூட்டை தூக்கிய இடம் வரும்போது மட்டும் மெல்ல வாசி, அவன் அடுத்த அறையில்தான் படுத்திருக்கிறான். எனக்குக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.