ஃப்ரிட்ஜில் வளர்ந்த மலைப்பூ

பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்த சித்தப்பா, அந்த முறை சித்திக்குக் கொண்டுவந்தது சேலையல்ல, ஒரு செடி. பனிமலையில் பாறை இடுக்கில் முளைத்திருந்ததை வேரோடு பெயர்த்து, பிஸ்கட் டப்பாவில் நட்டு, மூன்று நாள் ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு கீரனூர் வரை வந்து சேர்ந்துவிட்டார். நீலமாகப் பூக்கும் என்றார். கல்யாணமாகி நான்கே மாதமான சித்தி அதைப் பார்த்த பார்வையில், சேலையெல்லாம் எம்மாத்திரம் என்று எனக்கே தோன்றியது.

அவர் திரும்பிப் போனதும் கத்திரி வெயில் வந்தது. சித்தி விடவில்லை. காலை பத்து மணிக்குச் செடி ஃப்ரிட்ஜுக்குள் போகும். மாவுச் சட்டிக்கும் மோருக்கும் நடுவே உட்கார்ந்திருந்து, வெயில் தாழ்ந்ததும் வெளியே வரும். இதைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு.

"இது நல்லா இருந்தா அவுகளும் நல்லா இருப்பாகன்னு மனசுல விழுந்துருச்சுக்கா" என்றாள் சித்தி. அதன்பிறகு அம்மா சிரிக்கவில்லை.

ஒன்பது வயதில் நான் பெரிய புத்திசாலி. பனிமலைச் செடிக்குப் பனி வேண்டாமா? சித்தி கடைவீதிக்குப் போன ஒரு நாள், டப்பாவைத் தூக்கி ஃப்ரீசரில் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன். வந்து வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் இலையெல்லாம் கறுத்து, வெந்த கீரையாகத் துவண்டுவிட்டது. சித்தப்பாவை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த பாறைக்கு ஓடி, ஏறக்குறைய அதே மாதிரி இலையுள்ள ஒன்றைப் பிடுங்கி வந்து டப்பாவில் நட்டேன். சித்தி வந்தாள். டப்பாவை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தண்ணீர் ஊற்றினாள். தப்பித்தோமடா சாமி என்றிருந்தது.

சித்தியின் ஃப்ரிட்ஜையும் தாக்குப்பிடித்து அது ஒரு மாதத்தில் பூத்தது, மஞ்சளாக. முட்டியில் அடிபட்டால் ஊரே இலையைக் கசக்கிச் சாறு பிழிந்துவிடும் மூக்குத்திப்பூ. சித்தி போனில் சித்தப்பாவிடம் பூத்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். நிறத்தைச் சொல்லவில்லை.

அடுத்த விடுப்பில் வந்தவர், தோள்பையைக்கூட இறக்காமல் டப்பாவின் முன்னால் குந்தினார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சித்தி தலையைக் குனிந்தபடி நின்றாள்.

"மலை மேல சில வருசம் மஞ்சளாவும் பூக்கும்" என்றார் சித்தப்பா.

சித்தி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பட்டாளத்துக்காரரையே ஏமாற்றிவிட்ட பெருமையில் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பூத்த பூவுக்கு யாராவது அழுவார்களா என்பதுதான் விளங்கவில்லை.