மூன்று சீட்டுக்கு ஆள் வருது

போன வியாழக்கிழமை ஸ்பெயின் நாட்டில், கிட்டத்தட்ட காலியாக வந்த ஒரு ரயிலில், ஓடிப்போய் ஏறி நாலு சீட் பிடித்தேன்.

ஒன்று எனக்கு. மற்ற மூன்றுக்கும் ஆள் வரவில்லை. ரயில் கிளம்பிவிட்டது.

சிரிக்காதீர்கள். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. நேற்று மகள் வீட்டு மைக்ரோவேவ் 'பீப் பீப்' என்றது... ரயில் கதவு மூடுகிறதென்று நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

மகள் அபிக்கு இங்கே கடலோரமாக ஒரு சின்ன ஊரில் வேலை. இரண்டரை மாதம் வந்து இருந்துவிட்டுப் போம்மா என்று டிக்கெட் அனுப்பினாள். கும்மிடிப்பூண்டி ஃபேக்டரியை விட்டு என் கணவர் நகரமாட்டார். நகர்ந்தால் ஃபேக்டரி நின்றுவிடும் என்பது அவர் நம்பிக்கை. அதனால் துணைக்குக் கஸ்தூரியைக் கூட்டி வந்தேன். கஸ்தூரி என் ரயில் சிநேகிதி. கும்மிடிப்பூண்டி லோக்கலில் லேடீஸ் பெட்டியில் இருபது வருடம் ஒன்றாக ஆபீஸ் போய் வந்தவர்கள் நாங்கள்.

வாரத்தில் ஒரு நாள் அபி லீவு போடுவாள். அவளும், அவள் சிநேகிதி மார்த்தாவும், நாங்கள் இரண்டு பேரும் ரயிலேறி ஏதாவது ஒரு ஊருக்குப் போய்விட்டு, இருட்டுவதற்குள் திரும்புவோம். முதல் வாரம் ஒரு கோட்டை பார்க்கப் போனோம். வெயிலுக்கு முன்னால் போய்விடலாம் என்று நானும் கஸ்தூரியும் அடம்பிடித்து விடியற்காலையிலேயே எல்லோரையும் கிளப்பினோம். ஏழு மணிக்குக் கோட்டை வாசலில் நிற்கிறோம். பத்து மணிக்குத்தான் திறப்பார்களாம். கட்டிக்கொண்டு போன இட்லியைச் சாப்பிட்டு, அப்படியே தூணில் சாய்ந்து கண்ணயர்ந்து, எழுந்து, கோட்டையைச் சுற்றிவிட்டுக் கடைத்தெருவுக்கு வந்தால் மணி இரண்டு. எல்லாக் கடையும் ஷட்டர் போட்டாயிற்று. ஊரே சாப்பிட்டுத் தூங்குகிறது. அவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் நாங்கள் தூங்கியிருக்கிறோம்!

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

அதற்கு முதல் நாள் எனக்கும் அபிக்கும் சின்ன சண்டை. அவளும் மார்த்தாவும் நாலு நாள் மலையில் நடக்கப் போகிறார்களாம். போகக் கூடாது என்றேன். இருபத்தேழு வயசும்மா எனக்கு என்றாள். இருக்கட்டுமே, மலைக்கு உன் வயசு தெரியுமா என்று கேட்டேன். சில இடங்களில் போனில் சிக்னல் கிடைக்காது என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். அதோடு பேச்சு முடிந்தது.

என் பயத்துக்குக் காரணம் உண்டு. ஏழு வயதில் ஆடி ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையத்து அம்மன் கோயில் கூட்டத்தில் அபி என் கையை விட்டுவிட்டாள். கால் மணி நேரம். வேப்பிலை விற்கிற அம்மாவின் பக்கத்தில், விட்ட இடத்திலேயே நின்றிருந்தாள். தொலைந்தால் நின்ற இடத்திலேயே நில், நான் வந்து உன்னைக் கண்டுபிடிப்பேன் என்று சொல்லி வளர்த்திருந்தேன். அன்று அது காப்பாற்றியது. அதற்கப்புறம் இருபது வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏறினால் ஒரு மெசேஜ், இறங்கினால் ஒரு மெசேஜ் என்பது பின்னால் சேர்ந்த கிளை விதி.

ஆக வியாழக்கிழமை காலை, பேச்சுவார்த்தை இல்லாமல் பிளாட்பாரத்தில் நிற்கிறோம். அபியும் மார்த்தாவும் காபி வாங்கப் போனார்கள். என் போன் கஸ்தூரியின் ஹேண்ட்பேக்கில், அவளுடைய பவர் பேங்கில் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது. நாலு பேருக்கான புளியோதரைப் பை என் கையில்.

ரயில் வந்தது.

எங்கள் லோக்கலில் சாயங்காலம் வீடு திரும்பியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரயில் நிற்பதற்குள் ஏற வேண்டும். கைக்குட்டை, டிபன் பை, துப்பட்டா... கையில் இருப்பதை சீட்டில் போட வேண்டும். போட்டால் அது பட்டா நிலம். எங்கள் செட்டில் வேகமாக ஏறுகிறவள் நான். இருபது வருடமாக சீட் பிடிப்பது என் டிபார்ட்மென்ட். ரயிலைப் பார்த்ததும் மூளை எதுவும் கேட்கவில்லை, கால் ஓடிவிட்டது.

ஒரு சீட்டில் கைக்குட்டை. ஒன்றில் புளியோதரை. ஒன்றில் துப்பட்டா. நாலாவதில் நான். வெற்றிப் பெருமிதத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பி, வாங்க வாங்க என்று கையாட்டினேன்.

அபி காபி டம்ளரோடு ஓடி வந்துகொண்டிருந்தாள். இது நம் ரயில் இல்லை என்று சொல்லத்தான் ஓடி வந்திருக்கிறாள். பீப் பீப். கதவு மூடியது. நம்மூர்க் கதவு மாதிரி திறந்தே கிடக்கிற கதவா அது?

நான் திகைத்து உட்கார்ந்திருக்கும்போது ஒரு சின்னப் பெண் வந்து, கைக்குட்டையைக் காட்டி ஏதோ கேட்டாள். உட்காரலாமா என்றுதான் கேட்டிருப்பாள். என் வாய் தானாகச் சொன்னது.

"ஆள் வருது."

சுத்தத் தமிழ்நாட்டுத் தமிழில். அந்தப் பெண்ணும் தலையாட்டிவிட்டு வேறு இடம் பார்த்துப் போய்விட்டாள். ரயில் ஓடுகிறது. யார் வரப்போகிறார்கள்? அப்போதுதான் உறைத்தது. போன் இல்லை. பாஷை இல்லை. அபி இருக்கும் ஊரின் பெயர்கூட எனக்கு வாயில் நுழையாது.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கினேன். என்ன செய்ய வேண்டும்? நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். விதியை எழுதியவள் நான்தானே?

பத்து நிமிடம் நின்றேன். நான் நிற்பது அபிக்கு எப்படித் தெரியும்? தண்டவாளத்தில் இறங்கியிருப்பாளோ, போலீஸுக்குப் போயிருப்பாளோ... எதிர்ப்பக்கம் திரும்பிப் போகிற ரயில் வந்தது. ஏறிவிட்டேன்.

பாதி வழியில் ஒரு ரயில் எங்களைக் கடந்து எதிரே போனது. அதன் கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு அபி. பக்கத்தில் கஸ்தூரி. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கையை ஆட்டினோம். அவ்வளவுதான், போய்விட்டார்கள்.

பழைய ஸ்டேஷனில் மார்த்தா தனியாக நின்றாள். ஓடி வந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, தமிழில் ஒரே வார்த்தை சொன்னாள்.

"நில்லு."

கிளம்பும் அவசரத்தில் அபி கற்றுக்கொடுத்துவிட்டுப் போனதாம். நான் மூக்கைத் துடைக்கக் கையை அசைத்தால்கூட "நில்லு" என்றாள். அரை மணி நேரம் அசையாமல் நின்றேன்.

அபி வந்து இறங்கினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். முகமெல்லாம் கண்ணீர். வேலை கிடைத்து விமானம் ஏறிய அன்றுகூட அழாத பெண்.

"நின்ன எடத்துலயே நிக்கணும்னு நீதானம்மா சொன்ன? நீ ஏம்மா நிக்கல?"

நீ பயந்திருப்பியேன்னு பயந்துதான் வந்தேன் என்று எப்படிச் சொல்வது? அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது. பெரியபாளையத்தில் அவளைக் கண்டுபிடித்த பிறகு, வீடு வரைக்கும் நான் பிடித்திருந்த அதே பிடி. அவளுக்கு அன்று வலித்திருக்கும் என்பது எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

கஸ்தூரி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். நேராகப் புளியோதரைப் பையை வாங்கிப் பிரித்தாள்.

"ரயிலே காலியா வருது. அதுல போய் இன்னாத்துக்குடி சீட்டு புடிச்ச? எங்களுக்குப் புடிச்சுட்டு நீ மட்டும் குந்திக்கினு போற..."

அந்த பிளாட்பார பெஞ்சிலேயே நாலு பேரும் சாப்பிட்டோம். அன்றைக்கு வேறு ஊர் பார்க்கவில்லை. மார்த்தா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மலைக்குப் போய்விட்டு வா என்று நானே சொன்னேன். வேறென்ன செய்ய? காலி ரயிலில் தொலைந்துபோன ஒருத்தி, மலை ஏறத் தெரிந்த பெண்ணுக்கு எந்த முகத்தோடு தடை போடுவது? பிள்ளைகளுக்காகப் பயப்படும்போது நமக்குள் ஒரு நினைப்பு இருக்கிறது. தொலைவது அவர்கள், தேடுவது நாம் என்று. அந்த நினைப்பை யார் நமக்கு எழுதிக் கொடுத்தார்கள்?

நேற்று அவர்கள் கிளம்பினார்கள். சிக்னல் கிடைக்காது என்றாளே, இதுவரை ஐந்து மெசேஜ் வந்துவிட்டது. "அம்மா, வீட்லதான இருக்க?" "தனியா கடைக்குப் போகாத." "போன் உன் கையில இருக்கா?"

கடைசியாக வந்ததற்கு இப்போதுதான் இப்படிப் பதில் போட்டேன். கஸ்தூரியோடு பத்து மணி ரயிலில் கிளம்புகிறேன். ஏறினால் ஒரு மெசேஜ், இறங்கினால் ஒரு மெசேஜ் அனுப்புகிறேன்.

கைக்குட்டையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டேன்.