உண்டியலில் நான் போட்ட குரல்

என் வீட்டுக் கார் ஷெட்டை ஒத்திகைக்குத் தர முடியுமா என்று ஐந்து இளைஞர்கள் வந்து கேட்டபோது, “என்னையும் சேர்த்துக்கொள்வீர்கள் என்றால் தருகிறேன்” என்றேன். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இதே கொடைக்கானலில் மிஷன் பள்ளியில் படித்த காலத்தில் கிளாரினெட் கற்றிருந்தேன்.

அவர்கள் வாசித்தது ஜாஸ். ஆனால் லேப்டாப்பிலிருந்து வரும் மின்னணு ஒலிகளும், ஒருமுறை கேட்டால் நாளெல்லாம் வாயில் ஒட்டிக்கொள்ளும் பாப் மெட்டுகளும் அதில் கலந்திருக்கும். அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வாரம் ஒருமுறை ஆளுக்கொரு ஒலியை மலையில் எங்காவது பதிவுசெய்து கொண்டுவர வேண்டும். அதை லேப்டாப்பில் ‘உண்டியல்’ என்று பெயரிட்ட ஒரு கோப்பில் போடுவார்கள். பிடித்ததை எடுத்து அதன்மேல் பாட்டுக் கட்டுவார்கள். அது மனிதக் குரலாக இருந்தால் மட்டும் ஒரு நிபந்தனை: குரலுக்கு உரியவர் ஷெட்டுக்கு வந்து, ஹெட்போன் மாட்டிக் கேட்டு, சரி என்று சொல்ல வேண்டும்.

ஒருவன் கொண்டை ஊசி வளைவில் பஸ் கியர் மாற்றும் ஒலியைக் கொண்டுவந்தான். இன்னொருவன் ஏரிக்கரைக் குதிரைகளின் குளம்படியை. நான் கொண்டுபோனது என் குக்கர் விசில்.

“அங்கிள், இது எங்க வீட்லயும் அடிக்கும்” என்று சிரித்தாள் கீபோர்டு வாசிக்கும் பெண்.

மூன்று மாதம் உண்டியலில் நான் போட்ட எதையும் யாரும் எடுக்கவில்லை. கிளாரினெட்டுக்கும் வேலை குறைந்துகொண்டே வந்தது. மரியாதையாகத்தான் குறைத்தார்கள், அதுதான் எனக்கு உறைத்தது.

என் கேரட் பாத்தியில் வேலை செய்ய ஒரு அம்மா வருவார். சிறுமியாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் களை எடுத்துக்கொண்டே பாடுவார். ஆள் வந்தால் நிறுத்திவிடுவார். ஒருநாள் காலை, என் போனைப் பதிவில் வைத்து, பீன்ஸ் கொடிக்குள் மறைத்துவிட்டு வந்தேன்.

‘பெரட்டுக்குத் தப்படிச்சாச்சு, பொழுதும் விடிஞ்சாச்சு, இன்னும் என்னய்யா தூக்கம், எந்திரிச்சு வாய்யா’ என்று அதில் பதிவாகியிருந்தது. பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுப்பது. அதற்குத் தப்பு அடித்து எழுப்புவார்கள். அந்த வரிகளை நான் முன்பே கேட்டிருக்கிறேன். போன வருடம் அவர் கணவர் இறந்தபோது மாலையோடு போய் வாசலில் நின்றேன். உள்ளே, பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் பாடியது இதைத்தான். அது ஒப்பாரி என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

“என்ன பாட்டு அங்கிள் இது?” என்று கேட்டாள் கீபோர்டுப் பெண்.

“வேலைக்கு எழுப்புற பாட்டும்மா.”

“செம! அவங்க இங்க வந்து கேக்கணுமே?”

“ரொம்ப வெக்கப்படுறாங்க. வீட்லயே ஹெட்போன் மாட்டிக் காட்டிட்டேன். சரின்னுட்டாங்க.”

ஒரே மூச்சில் இத்தனை பொய்களும் வந்தன. அடியில் துள்ளும் தாளம் போட்டார்கள். நடுவில் ஒரு நிமிடம் முழுக்க என் கிளாரினெட்டுக்கு ஒதுக்கினார்கள். ஏரிக்கரையில் வாசித்த அன்று, ‘எந்திரிச்சு வாய்யா’ வரும்போதெல்லாம் கூட்டம் போனில் பதிவுசெய்தபடியே கையைத் தூக்கிக் குதித்தது. நான் குனிந்து வணங்கினேன். அத்தனை வருட வகுப்புகளில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை.

ஒரு திங்கட்கிழமை அந்த அம்மா களைக்கொத்தோடு பாத்தியில் நிமிர்ந்து நின்றார்.

“ஐயா, நேத்து பெருமாள்மலையில பஸ்ஸுக்கு நின்னேன். வேன்ல வந்த பயலுக ஒரு பாட்டப் போட்டு ஆடிக்கிட்டு இருந்தானுக. என் தொண்டையில்ல அது?”

“ஆமாம்மா. உங்களக் கேட்டிருக்கணும்.”

“கேட்டா குடுக்க மாட்டேன்னு தெரிஞ்சுதானே கேக்கல? சாவு வீட்டுக்கு மாலையோட வந்தீங்களே. வாசல்ல நின்னு கேட்டீங்கல்ல, இதே பாட்ட?”

“கேட்டேன்.”

களைக்கொத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். “அந்த மனுசன் இருந்திருந்தா அவனுகளோட சேந்து ஆடியிருப்பாரு. ரெண்டு கிளாஸ் உள்ள போனாப் போதும் அவருக்கு” என்று சிரித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று மாலையே ஐந்து பேரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் கத்தவில்லை. கீபோர்டுப் பெண் மட்டும், “உங்க வயசப் பாத்து நம்பிட்டோம் அங்கிள்” என்றாள். பிறகு, “அவங்க வரட்டும். இப்பவாவது கேட்டுச் சொல்லட்டும்” என்றாள்.

மறுநாள் அந்த அம்மா காலைக் கழுவிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தார். தலையில் கட்டிய துண்டுக்கு மேலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கடைசிவரை அசையாமல் கேட்டார்.

“என்னக்கா செய்யலாம்? நீங்க சொல்றதுதான்” என்றாள் அந்தப் பெண்.

“தூக்கிப் போட்டுரும்மா. அது அவருக்குப் பாடுனது.”

அவர் முன்னாலேயே அழித்தார்கள். ஊரார் போன்களில் இருப்பதை என்ன செய்ய முடியும்? எழுந்தவர் என் பக்கம் திரும்பினார்.

“நடுவுல ஊதுறது யாருங்கய்யா?”

“நான்தாம்மா.”

“அழுவுறாப்புல இருக்கு. நீங்க எதுக்கு அழுதீங்க?”

நன்றாக வாசிக்க வேண்டும் என்று மட்டும்தான் அப்போது நினைத்திருந்தேன்.

அவர் இன்னும் வேலைக்கு வருகிறார். வந்தால் வணக்கம் சொல்கிறார். நான் கொல்லைப் பக்கம் போகும்போது கதவருகிலேயே நின்று இருமிவிட்டுப் போகிறேன், பாடிக்கொண்டிருந்தால் நிறுத்திக்கொள்ளட்டும் என்று. இருமுவதற்கு முன் ஒரு கணம் காதைக் கொடுத்து நிற்பதும் உண்டு. களைக்கொத்து மண்ணில் விழும் ஓசை மட்டும் கேட்கிறது.