ஃப்ரிட்ஜை மறைத்துவிடலாமா?

நண்பர் சேகர் பெருங்களத்தூரில் ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறார். சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளுக்கு இன்சுலின் வாங்கித் தருகிறார்கள். "நன்கொடை கேட்டு வீடியோ எடுக்கப்போறோம், நாலு வரி எழுதித் தாங்க" என்றார். போன மாதம் கேமராமேனோடு கிளம்பினோம்.

மேற்குத் தாம்பரத்தில் ஒற்றை அறை வீடு. அம்மா செல்வி, மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை. மகள் நிவேதா ஏழாம் வகுப்பு. கேமரா வருகிறதே... அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் புடவையில் இருந்தார். மகள் பள்ளிக் கபடி டீமின் மஞ்சள் ஜெர்சியில்.

கேமராமேனுக்கு முகம் விழுந்துவிட்டது.

"அக்கா, பழைய புடவை ஏதாவது இருக்கா? அப்புறம்... அந்த ஃப்ரிட்ஜ் மேல போர்வை போட்டு மறைச்சிடலாமா? ஃப்ரிட்ஜ் இருக்கிற வீட்டுக்கு யார் குடுப்பாங்க?"

"இன்னா சார் நீங்க... இன்சுலினை வேற எங்க வெக்கிறது? அதுக்குன்னே தவணைல வாங்கினோம்" என்றார் செல்வி.

சேகர் கேமராமேனைத் தடுக்கவில்லை. முன்பு ஒரு குழந்தை அழும் படத்துக்குத்தான் உதவி கொட்டியதாம். மருந்து நின்றுபோகக் கூடாதே என்ற பயம் அவருக்கு.

கேமராமேன் நிவேதாவிடம் குனிந்தார். "பாப்பா, ஊசி வலிக்கும்ல? அதை நெனச்சு லைட்டா அழுறியா?"

"என் கிளாஸ்ல எல்லாரும் பாப்பாங்களே அண்ணா. அப்புறம் 'ஐயோ பாவம், நீ உக்காந்துக்கோ'ன்னு டீம்ல சேக்க மாட்டாங்க."

சேகர்தான் மெதுவாகச் சொன்னார்: "அவ தினமும் செய்யறதையே எடுங்க."

நிவேதா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொண்டாள். தோசை சாப்பிட்டாள். கபடி ஆட ஓடினாள். கேமரா பின்னாலேயே ஓடியது. அவ்வளவுதான் வீடியோ. என் நாலு வரி தேவைப்படவே இல்லை!

அழுத படத்துக்கு வந்த அளவு உதவி இதற்கு வரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். "ஃப்ரிட்ஜ் இருக்கே, எதுக்கு உதவி?" என்று ஒருவர் கமெண்ட் போட்டார். உதவி வாங்குகிறவர் எப்படி இருக்க வேண்டும் என்று நம் மனதில் ஒரு படம் இருக்கிறது – அதில் யாரும் சிரிப்பதில்லை. ஆனாலும் வந்ததை வைத்து மருந்து நிற்காமல் போகிறது.

போன வாரம் சேகருக்குப் பள்ளிக்கரணையிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார்.

"சார், என் பொண்ணுக்கும் இதேதான். வெளியில யாருக்கும் சொல்லாம வெச்சிருக்கோம். வீடியோ பாத்ததிலிருந்து, 'நானும் விளையாடப் போலாமாம்மா'ன்னு கேக்கறா. அந்தப் பொண்ணுகிட்ட கொஞ்சம் பேச முடியுமா?"

இரண்டு பெண்களும் வெகுநேரம் பேசினார்களாம். சர்க்கரையைப் பற்றிக் கொஞ்சம். மீதி எல்லாம் கபடி.