பேச்சியிடம் நான் சொன்ன சொல்

எழுபதுகளின் நடுவில் ஜெயமங்கலம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். தேனியிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வகுப்பில் கத்தி, மதியத்துக்குள் ஓய்ந்துபோவேன்.

பேச்சி என்ற மாணவி, பின்னக் கணக்கை எத்தனை முறை சொல்லித் தந்தாலும் தப்பாகவே போட்டாள். ஒருநாள் அலுத்துப்போய், "ஒனக்குக் கணக்கு வராது ஆத்தா, விடு" என்றேன். திட்டவில்லை, பரிவாகத்தான் சொன்னேன். அதன்பின் அவள் கணக்கு நோட்டில் எதுவுமே எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு ஒரு வேலை மிச்சம்.

இரண்டு மாதம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் வராந்தா வழியாகப் போனேன். இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவள் தங்கை, கழித்தல் கணக்கு வரவில்லை என்று சிலேட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். பேச்சி அதை வாங்கி அழித்துவிட்டு, தங்கையின் தலையைத் தடவி, "ஒனக்கு வராது ஆத்தா, விடு" என்றாள்.

என் குரல்தான். அதே அலுப்பு, அதே பரிவு.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பேச்சி, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. இன்னும் வரலைன்னுதான் சொல்லியிருக்கணும்."

"இல்ல டீச்சர், நீங்க சரியாத்தேன் சொன்னீக" என்று என்னைச் சமாதானப்படுத்தினாள்.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அவளுடன் உட்கார்ந்தேன். அவளாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கவே மூன்று வாரம் ஆனது. வருடக் கடைசியில் தட்டுத்தடுமாறித் தேறினாள்.

அதற்குப் பிறகும் பல வருடம் பாடம் எடுத்தேன். அலுப்பில் வேறு எந்தப் பிள்ளையிடம் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும்.