மாமா எழுந்த வெள்ளிக்கிழமை

என் காதுகுத்து அழைப்பிதழில் அச்சாகியிருப்பது: வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் பத்தரை மணிக்குள். அன்று எடுத்த புகைப்படத்தில் நான் தாய்மாமன் மடியில் வாய் பிளந்து அழுகிறேன். பின்சுவர்க் கடிகாரம் பன்னிரண்டே கால் காட்டுகிறது. இரண்டுமே சரிதான்.

எனக்கு அப்போது ஆறு வயது. முதல் நாள் பேராவூரணியிலிருந்து இளநீர்க் குலைகளும் பட்டுப்பாவாடையுமாகச் சீர் கொண்டுவந்த மாமா, விடிந்தபோது மாடி அறையில் குப்புறக் கிடந்தார். பித்தம் என்றார்கள். பித்தம் வந்தால் அறை முழுக்க அழுகின பலாப்பழ வாசம் வரும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆளுக்கொரு மருந்து வைத்திருந்தார்கள். பெரியப்பா நீராகாரத்தில் சின்ன வெங்காயம் தட்டிப்போட்டுப் புகட்டினார். சித்தப்பா எலுமிச்சம்பழத்தை அரிந்து உச்சந்தலையில் பரபரவென்று தேய்த்தார். சமையல்காரர் பெருங்காய மோர் கொடுத்தனுப்பினார். கடைசியில் சீர் இளநீரிலேயே இரண்டை வெட்டினார்கள். மாமா அசையவில்லை.

அப்பாவின் அக்கா வாசற்படியில் வந்து நின்றார்.

"கொண்டாந்த சீரை அவரே குடிச்சாச்சா? உன் தம்பி எழுந்திரிக்கலன்னா சொல்லிடும்மா, எங்க பக்கத்துப் பையன் மடியில உக்கார வச்சுக் குத்திடுறோம். பொறந்த வீட்டுல ஆள் இல்லன்னு நெனச்சுக்கிறோம்."

"எழுந்திருச்சுருவான் அண்ணி," என்றாள் அம்மா.

பத்து மணி ஆயிற்று. காது குத்தவேண்டிய ஆசாரியையே காணவில்லை. பத்தரை தாண்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"வழியில பஞ்சருங்க."

"நல்லா வந்தீரு! ராகு காலம் பொறந்தாச்சு. இனிமே பன்னெண்டு வரைக்கும் ஊசியத் தொடக் கூடாது," என்று அத்தை பொரிந்து தள்ளினார். ஆசாரி பந்தலில் உட்கார்ந்து நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

பதினொன்றரைக்கு மாடிப்படியில் காலடி கேட்டது. வெள்ளை வேட்டி, ஈரத்தலை, நெற்றி நிறைய விபூதி. வாடிக் கிடந்த நாற்று மடைத்தண்ணீர் பாய்ந்ததும் நிமிருமே, அப்படி நின்றார் மாமா. ராகு காலம் கழிந்து ஊசி இறங்கியபோது அவர் கைகள் என் தலையைக் கல்போலப் பிடித்திருந்தன. "மாமன் இருக்கேன்டா தங்கம்" என்ற குரலில் வெங்காயமும் பெருங்காயமும் மணத்தன.

எழுப்பியது நீராகாரமா, எலுமிச்சையா என்று பெரியப்பாவும் சித்தப்பாவும் இன்றும் கல்யாணப் பந்திகளில் சண்டை போடுகிறார்கள். நானோ அதன்பின் பொம்மைக்குக் காய்ச்சல் வந்தால்கூட வெங்காயம் தட்டிப்போட்டேன்.

தண்ணீரும் மோரும் தாகத்தைத் தணிக்கும், மற்றபடி போதை முறிய நேரம் ஒன்றுதான் மருந்து என்று பிற்பாடு படித்தேன். அந்த ஒன்றரை மணி நேரத்தை மாமாவுக்குக் கொடுத்தது யார் என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. ஆசாரியின் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. சைக்கிளே வேண்டியதில்லை. அன்று அவருடைய தாம்பூலத் தட்டில் வழக்கத்துக்கு மேலாக அம்மா ஒரு புது வேட்டியும் வைத்திருந்தாள்.

அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "பஞ்சர்னுதானே சொன்னாரு," என்று அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். ஆசாரி இப்போது இல்லை. அன்று அந்தச் சைக்கிள் பஞ்சரானதா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.